கேம் கேப்சரில் கருப்புத் திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாங்கள் விளையாடும் கேமைப் பதிவு செய்து யூடியூபிலும் ஃபேஸ்புக்கிலும் போடும் பிள்ளைகள் பெருகி வருகிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என் கணினி பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டு வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை ஒன்றையே சுற்றி வருகின்றன: கேம் திரையில் ஓடுகிறது, பதிவில் மட்டும் காணவில்லை. விண்டோஸை அழித்து மறுபடியும் போட வேண்டும், புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, செலவுக்குத் தயாராகவே பலர் வந்து நிற்கிறார்கள். அநேகமாக அந்தச் செலவு எதுவுமே தேவைப்படுவதில்லை.

இங்குள்ள பதில்கள் விண்டோஸ் 10, 11 கணினிகளில் ஓபிஎஸ் ஸ்டுடியோ (திரையைப் பதிவு செய்யவும் நேரலை செய்யவும் உதவும் மென்பொருள்) பயன்படுத்துபவர்களுக்கானவை. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே தந்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால், மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

அக்கா, ஓபிஎஸ்-க்குக் காசு கட்டணுமா? லைசன்ஸ் வாங்கணும்னு ஒருத்தர் சொன்னாரு.

ஒரு சென் கூடக் கட்ட வேண்டாம். ஓபிஎஸ் என்பது ஹியூ பெய்லி என்பவர் 2012-இல் தொடங்கி, இன்று உலகெங்கிலும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கும் திறந்த மூல மென்பொருள். அதற்கு உரிமக் கட்டணமும் இல்லை, பதிவில் முத்திரை விழுவதும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை. அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தோ ஸ்டீமிலிருந்தோ மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். வேறு இடங்களிலிருந்து இறக்கிய பிரதியோடு என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கேம் கேப்சர், விண்டோ கேப்சர், டிஸ்ப்ளே கேப்சர், மூணும் ஒண்ணுதானே? எதைப் போட்டா என்ன?

மூன்றும் ஒன்றல்ல. இவை ஓபிஎஸ்-க்குப் படத்தை எடுத்து வரும் மூன்று வகை 'சோர்ஸ்'கள். கருப்புத் திரைத் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டை அறியாததால்தான் வருகிறது. டிஸ்ப்ளே கேப்சர், திரை முழுவதற்கும் விண்டோஸ் தயாரித்து வைத்திருக்கும் இறுதிப் படத்தை எடுக்கிறது. ஆகவே வாட்ஸ்அப் செய்தி வந்து விழுந்தாலும் அதுவும் பதிவில் ஏறிவிடும். விண்டோ கேப்சர் ஒரு குறிப்பிட்ட சாளரத்தின் படத்தை மட்டும் விண்டோஸிடம் கேட்டு வாங்குகிறது.

கேம் கேப்சர் விண்டோஸிடம் கேட்பதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கேமின் உள்ளே ஓபிஎஸ் தன்னுடைய சிறு நிரல் ஒன்றைச் செலுத்துகிறது. கேம் ஒவ்வொரு ஃப்ரேமையும், அதாவது ஒவ்வொரு தனிப் படத்தையும், வரைந்து முடித்துத் திரைக்கு அனுப்பும் தறுவாயில், அந்த நிரல் கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்திலேயே அதைப் பகிர்ந்து ஓபிஎஸ்-க்குத் தருகிறது. படம் அந்த நினைவகத்தை விட்டு வெளியே போய்த் திரும்ப வேண்டியதில்லை என்பதால் வேகம் அதிகம், கணினிக்குச் சுமை குறைவு, அறிவிப்புகளும் உள்ளே வருவதில்லை. ஆனால் கேமின் உள்ளே நுழைய முடியாமல் போனால் கருப்புத் திரைதான் கிடைக்கும். நுழைவது எதனால் தடைபடுகிறது என்பதே இனி வரும் பல கேள்விகளின் சாரம்.

கேம் நல்லா ஓடுது, ஓபிஎஸ்-ல மட்டும் கருப்பா இருக்கு. முதல்ல எதைப் பார்க்கணும்?

முதலில் கேமைத் திறந்து, அது உண்மையாகவே ஓடத் தொடங்கிய பிறகு ஓபிஎஸ்-க்கு வாருங்கள். கேம் கேப்சரின் பிராப்பர்ட்டீஸ் பகுதியில் மோட் என்ற இடத்தில் 'கேப்சர் எனி ஃபுல்ஸ்கிரீன் அப்ளிகேஷன்' என்று இருந்தால், அதை 'கேப்சர் ஸ்பெசிஃபிக் விண்டோ' என்று மாற்றி, பட்டியலிலிருந்து உங்கள் கேமை நீங்களே தேர்ந்தெடுங்கள். முழுத்திரையில் ஓடாத கேமை 'எனி ஃபுல்ஸ்கிரீன்' தேர்வு கண்டுகொள்ளாது. கேமைத் தொடங்கி வைக்கும் லாஞ்சரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கேமையே தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. இரண்டும் வெவ்வேறு நிரல்கள்.

அடுத்து, கேம் நிர்வாகி உரிமையோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படி ஓடும் கேமுக்குள் சாதாரண உரிமையோடு திறந்த ஓபிஎஸ் நுழைய விண்டோஸ் விடாது. ஓபிஎஸ் ஐகானை வலது கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து பாருங்கள். அதோடு, ஒரே காட்சியில் (சோர்ஸ்களைச் சேர்த்து வைக்கும் 'சீன்') கேம் கேப்சருடன் டிஸ்ப்ளே கேப்சரையும் வைத்திருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள். சோர்ஸ் பட்டியலில் மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும் என்பதால், கருப்பாகத் தெரிவது மேலே கிடக்கும் வேறொரு சோர்ஸாகவும் இருக்கலாம்.

இதற்குப் பிறகும் வரவில்லை என்றால், கேமின் மேல் தங்கள் படத்தை வரையும் மற்ற மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். டிஸ்கார்ட் ஓவர்லே, ஃப்ரேம் எண்ணிக்கையைத் திரையில் காட்டும் ரிவாட்யூனர் போன்றவை ஓபிஎஸ் நுழையும் அதே இடத்தில்தான் நுழைகின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடாதீர்கள். எது காரணம் என்பது கடைசி வரை தெரியாமலே போய்விடும்.

படம் வருது, ஆனா மூலையில சின்னதா உட்கார்ந்திருக்கு.

இது பழுது அல்ல. கேமின் அளவும் ஓபிஎஸ் கேன்வாஸின் (பதிவாகும் பரப்பின்) அளவும் வேறாக இருக்கின்றன. அந்த சோர்ஸைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்தினால் திரைக்குப் பொருந்திவிடும்.

வாட்ஸ்அப் பார்க்கலாம்னு கேமைக் கீழே இறக்கினா ரெக்கார்டிங்ல படம் அப்படியே நின்னுடுது. ஏன்?

பல கேம்கள் மினிமைஸ் செய்யப்பட்டதும் வரைவதையே நிறுத்திவிடுகின்றன. வரையாத படத்தை எந்த கேப்சராலும் எடுக்க முடியாது. கேமின் திரை அமைப்பை 'பார்டர்லெஸ்' என்று மாற்றினால், வேறு சாளரத்துக்குப் போகும்போதும் கேம் பின்னால் விரிந்தபடியே இருந்து தொடர்ந்து வரையும்.

புது லேப்டாப், ஆர்டிஎக்ஸ் கார்டெல்லாம் இருக்கு. டிஸ்ப்ளே கேப்சர் போட்டா வெறும் கருப்புதான் வருது. கார்டு கெட்டுப்போச்சா?

கார்டு நலமாகவே இருக்கிறது. இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாக வருகிறது. இதற்காகவே கடன் வாங்கிப் புதுக் கணினி பார்க்கப் போனவர்களும் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கேம் விளையாடுவதற்கென்று விற்கப்படும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் கிராஃபிக்ஸ் சில்லுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசரோடு சேர்ந்தே வருவது, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது. மற்றொன்று தனியாகப் பொருத்தப்பட்ட வேகமான சில்லு. கேமை வேகமான சில்லு வரைந்தாலும், அந்தப் படத்தைத் திரைக்கு அனுப்பும் இணைப்பு பெரும்பாலும் சிக்கனச் சில்லிலிருந்துதான் போகிறது.

ஓபிஎஸ் எந்தச் சில்லில் ஓடுகிறதோ அந்தச் சில்லிடம் இருக்கும் படத்தைத்தான் அதனால் நேரடியாக எடுக்க முடியும். டிஸ்ப்ளே கேப்சர் திரையின் படத்தைக் கேட்கிறது. திரை சிக்கனச் சில்லிடம் இருக்க, ஓபிஎஸ் வேகமான சில்லில் ஓடினால், டிஸ்ப்ளே கேப்சரின் பழைய முறையில் கருப்புதான் வரும். கேம் கேப்சருக்கு இது தலைகீழ். கேம் ஓடும் வேகமான சில்லிலேயே ஓபிஎஸ்-உம் ஓட வேண்டும்.

மாற்றும் வழி இது. விண்டோஸ் ஸெட்டிங்ஸில் சிஸ்டம், அதில் டிஸ்ப்ளே, அதில் கிராஃபிக்ஸ் என்ற பகுதிக்குப் போய், பட்டியலில் ஓபிஎஸ் ஸ்டுடியோவைச் சேருங்கள். அதன் ஆப்ஷன்ஸில் டிஸ்ப்ளே கேப்சர் வேண்டுமென்றால் 'பவர் சேவிங்', கேம் கேப்சர் வேண்டுமென்றால் 'ஹை பர்ஃபார்மன்ஸ்' என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பிறகு ஓபிஎஸ்-ஐ முழுமையாக மூடித் திறந்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

அக்கா நீங்க சொன்னபடி மாத்தினேன். டிஸ்ப்ளே வந்தா கேம் வரலை, கேம் வந்தா டிஸ்ப்ளே வரலை. ரெண்டும் வேணுமே?

டிஸ்ப்ளே கேப்சர் பழைய முறையில் இருக்கும்போது மேலே சொன்னதைப் பின்பற்றினால் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் ஓபிஎஸ் ஒரு நேரத்தில் ஒரு சில்லில்தான் ஓடும். கேம் பதிவுதான் முக்கியம் என்றால் ஹை பர்ஃபார்மன்ஸில் வைத்து கேம் கேப்சரைப் பயன்படுத்துங்கள் என்பதே என் பரிந்துரை. பாடம் நடத்துவதற்கோ மென்பொருள் விளக்கத்துக்கோ திரை முழுவதும் வேண்டும் என்றால் மட்டும் பவர் சேவிங்குக்குப் போங்கள்.

இரண்டும் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழிகளும் உள்ளன. ஓபிஎஸ் 27-ஆம் பதிப்பிலிருந்து, டிஸ்ப்ளே கேப்சரின் கேப்சர் மெத்தட் என்ற இடத்தில் 'விண்டோஸ் 10 1903 அண்ட் அப்' என்று வைத்தால், ஹை பர்ஃபார்மன்ஸில் இருந்தபடியே திரையையும் எடுக்கலாம். சில மடிக்கணினிகளில் திரையை நேரடியாக வேகமான சில்லோடு இணைக்கும் 'மக்ஸ் ஸ்விட்ச்' என்ற வசதி இருக்கிறது. உற்பத்தியாளரின் மென்பொருளிலோ பயாஸிலோ அது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதை இயக்கிவிட்டால் எல்லாம் ஒரே சில்லில் வந்து சேரும், ஆனால் பேட்டரி விரைவில் தீரும். கேம் கேப்சரின் பிராப்பர்ட்டீஸில் உள்ள 'எஸ்எல்ஐ கிராஸ்ஃபயர் கேப்சர் மோட்' என்ற தேர்வு, படத்தைக் கணினியின் பொது நினைவகம் வழியாக எடுத்து வரும். இது சில்லுகள் வேறாக இருந்தாலும் கை கொடுக்கக்கூடும். வேகம் கணிசமாகக் குறையும் என்பதால் கடைசி முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளித் திரையை எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்ததும் நிலைமை மாறிவிட்டது என்று சொல்பவர்களும் சரியாகத்தான் சொல்கிறார்கள். பல மடிக்கணினிகளில் அந்தத் துளை வேகமான சில்லோடு இணைந்திருக்கிறது.

ஏம்மா, பையன் இதைப் போட்டதிலிருந்து ஆன்டிவைரஸ் எச்சரிக்கை வருது. வைரஸா இது?

உங்கள் மகன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கியிருந்தால் அஞ்ச வேண்டாம். ஒரு நிரல் இன்னொரு நிரலுக்குள் நுழைவது வைரஸ்களும் செய்யும் வேலை என்பதால், சில பாதுகாப்பு மென்பொருள்கள் ஓபிஎஸ்-இன் 'கிராஃபிக்ஸ் ஹுக்' கோப்பைச் சந்தேகித்துத் தடுத்துவிடுகின்றன. அப்போது கேம் கேப்சர் கருப்பாகிறது. ஓபிஎஸ் நிறுவப்பட்ட கோப்புறையை மட்டும் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்தால் போதும். பாதுகாப்பு மென்பொருளையே நிறுத்திவிடச் சொல்லும் காணொளிகளைப் பின்பற்ற வேண்டாம் என்று பெற்றோர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டு வங்கிக் கணக்கும் அதே கணினியில்தான் திறக்கப்படுகிறது.

ஆன்லைன் கேம்ல ஓபிஎஸ் போட்டா அக்கவுண்ட் பேன் ஆயிடுமா?

ஓபிஎஸ் வைத்துப் பதிவு செய்வதற்காகக் கணக்கை முடக்குவது வழக்கமில்லை. ஒளிபரப்பாளர்களால்தான் கேமுக்கு விளம்பரம் கிடைக்கிறது என்பது அவற்றை உருவாக்குபவர்களுக்கும் தெரியும். நடப்பது வேறு: ஏமாற்று மென்பொருள்களைத் தடுக்கும் காவல் நிரல், வெளியிலிருந்து நுழையும் எதையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. 2020 ஜூலையில் கவுண்டர்-ஸ்டிரைக் குளோபல் அஃபென்சிவ் கேமில் 'டிரஸ்டட் மோட்' வந்தபோது பலருடைய கேம் கேப்சர் ஒரே நாளில் நின்றுபோனது இதனால்தான். டெஸ்டினி 2 போன்ற கேம்களும் இவ்வாறு நுழைவதை அனுமதிப்பதில்லை.

கேம் கேப்சரில் 'யூஸ் ஆன்டி-சீட் காம்பாட்டிபிலிட்டி ஹுக்' என்ற தேர்வை எப்போதும் இயக்கத்திலேயே வைத்திருங்கள். சிக்கல் உள்ளதாக அறியப்பட்ட சில கேம்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அண்மைப் பதிப்புகள் பிராப்பர்ட்டீஸ் சாளரத்திலேயே எச்சரிக்கைக் குறிப்பைக் காட்டும். அதைப் படிக்காமல் மூடிவிடாதீர்கள். உள்ளே நுழைய வழியே இல்லை என்றால் விண்டோ கேப்சருக்கு மாறி, கேப்சர் மெத்தட் என்ற இடத்தில் 'விண்டோஸ் 10 1903 அண்ட் அப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்குள்ள மற்றொரு முறையான பிட்பிளிட் பழையது. கிராஃபிக்ஸ் கார்டால் வரையப்படும் சாளரங்களில் அதுவும் பெரும்பாலும் கருப்பையே தரும். பதிவுக்காகக் காவல் நிரலை ஏமாற்றப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. கணக்கு முடக்கப்படும் ஆபத்து உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

ஒரு கேம் வருது, இன்னொண்ணு வரமாட்டேங்குது. ஒரே கம்ப்யூட்டர்தானே?

கணினி ஒன்றுதான், ஆனால் கேம்கள் வரைவதற்குப் பயன்படுத்தும் வழிகள் வேறு: டைரக்ட்எக்ஸ், ஓபன்ஜிஎல், வல்கன். கேம் கேப்சருக்கு இந்த மூன்றும் தெரியும். எனினும் வல்கன் கேம்களுக்கு ஓபிஎஸ் விண்டோஸில் ஒரு தனி அடுக்கைப் பதிவு செய்து வைக்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையை இன்ஸ்டாலர்தான் செய்கிறது. ஜிப் கோப்பை விரித்துப் பென்டிரைவிலிருந்து ஓபிஎஸ்-ஐ ஓட்டுபவர்களுக்கு வல்கன் கேம் மட்டும் வராமல் போவதற்கு இதுவே காரணம். முறையாக நிறுவி, கேமையும் மூடித் திறந்து பாருங்கள். கேமின் அமைப்புகளில் வரையும் வழியை டைரக்ட்எக்ஸ் 11-க்கு மாற்ற இடமிருந்தால், அதையும் முயன்று பார்க்கலாம்.

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பைத் தேடுபவர்கள் பட்டியலில் 'ஜாவா டபிள்யூ' என்ற பெயரைத் தேட வேண்டும்.

நான் போன்லதான் மொபைல் லெஜண்ட்ஸ் ஆடறேன். கம்ப்யூட்டர்ல எப்படி எடுக்கிறது?

ஆண்ட்ராய்டு கைப்பேசியாக இருந்தால், எஸ்-சி-ஆர்-சி-பி-ஒய் என்ற ஆறு எழுத்துகளைப் பெயராகக் கொண்ட இலவசத் திறந்த மூல மென்பொருள் ஒன்று இருக்கிறது. கைப்பேசியில் 'யூஎஸ்பி டீபக்கிங்' வசதியை இயக்கிக் கம்பியால் இணைத்தால், கைப்பேசித் திரை கணினியில் ஒரு சாளரமாகத் தோன்றும். அந்தச் சாளரத்தை, ஆன்லைன் கேம் பற்றிய பதிலில் சொன்ன 'விண்டோஸ் 10 1903 அண்ட் அப்' முறை விண்டோ கேப்சரால் எடுங்கள். ஆண்ட்ராய்டு 11-உம் அதற்குப் பிந்தையதும் என்றால் ஒலியும் சேர்ந்தே வரும். ஆண்ட்ராய்டு 11-இல் மட்டும் தொடங்கும் நேரத்தில் கைப்பேசியின் திரைப் பூட்டு திறந்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் யூஎஸ்பி டீபக்கிங்கை நிறுத்திவிடுங்கள்.

எமுலேட்டரில் (கைப்பேசி கேமைக் கணினியிலேயே ஓட்டும் மென்பொருள்) விளையாடுபவர்களுக்கு கேம் கேப்சர் சில நேரம் பிடிகொடுக்காது, ஏனென்றால் சாளரத்தைக் காட்டும் நிரலும் படத்தை வரையும் நிரலும் வேறாக இருக்கக்கூடும். அவர்களுக்கும் விண்டோ கேப்சரே எளிது.

இப்ப படம் வருது அக்கா, ஆனா திக்கித் திக்கி ஓடுது. லைன் ஸ்லோவா?

லைனைக் குறை சொல்வதற்கு முன் ஓபிஎஸ்-இன் டாக்ஸ் மெனுவில் ஸ்டாட்ஸ் என்ற சாளரத்தைத் திறந்து, விளையாடும்போதே கவனியுங்கள். அங்கே மூன்று விதமான இழப்புகள் தனித்தனியாகக் காட்டப்படும். ரெண்டரிங் லேக் ஏறினால், கேம் கிராஃபிக்ஸ் சில்லின் முழுச் சக்தியையும் விழுங்கிக்கொண்டு, காட்சியைத் தொகுக்க ஓபிஎஸ்-க்கு இடமே தரவில்லை என்று பொருள். கேமின் ஃப்ரேம் வேகத்தை 60 என்று கட்டுப்படுத்துங்கள். ஓபிஎஸ்-ஐ நிர்வாகி உரிமையோடு திறப்பதும் உதவும், ஏனென்றால் அப்போது கிராஃபிக்ஸ் சில்லில் அதற்கு முன்னுரிமை கிடைக்கிறது.

என்கோடிங் லேக் ஏறினால், படத்தைச் சுருக்கும் வேலையைக் கணினியால் உரிய நேரத்தில் முடிக்க முடியவில்லை. அவுட்புட் அமைப்பில் எக்ஸ்264 (சுருக்கும் வேலையை பிராசசரிடமே விடும் முறை) என்று இருந்தால் என்விடியாவின் என்வென்க், இன்டெலின் குயிக் சிங்க், ஏஎம்டியின் என்கோடர் ஆகியவற்றில் உங்கள் கணினியில் இருப்பதற்கு மாறுங்கள். மூன்றாவதாக உள்ள ட்ராப்ட் ஃப்ரேம்ஸ் ஏறினால்தான் குற்றம் இணையத்தினுடையது. அது நேரலையை மட்டுமே பாதிக்கும், கணினியில் சேமிக்கும் பதிவைத் தொடாது. தோட்டத்து வீடுகளில் கைப்பேசி இணையத்தை நம்பி நேரலை செய்பவர்கள் பதிவிறக்க வேகத்தைப் பார்க்காமல் பதிவேற்ற வேகத்தைச் சோதித்து, அதில் பாதியை மட்டும் பிட்ரேட்டாக (வினாடிக்கு அனுப்பும் தரவின் அளவாக) வையுங்கள். 720பி, 30 ஃப்ரேம் நேரலைக்கு வினாடிக்கு 4 மெகாபிட் தாராளம். அதுவும் தாங்காவிட்டால் பதிவு செய்து வைத்துப் பிறகு ஏற்றுவதே பார்ப்பவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

வீடியோல கலர் எல்லாம் வெளுத்துப்போன மாதிரி இருக்கே?

விண்டோஸில் எச்டிஆர் (ஒளியையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) இயங்குகிறதா என்று பாருங்கள். ஓபிஎஸ் 28-ஆம் பதிப்பிலிருந்து எச்டிஆர் பதிவை ஆதரித்தாலும், முழு வழியையும் அதற்கேற்ப அமைக்காவிட்டால் நிறம் வெளுக்கும். சாதாரணக் காணொளிதான் வேண்டும் என்றால் எச்டிஆர்-ஐ நிறுத்திவிடுவதே சுருக்கமான வழி. எச்டிஆர் இல்லாமலே நிறம் மாறினால், அட்வான்ஸ்டு அமைப்பில் கலர் ரேஞ்ச் 'லிமிடெட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேம் சத்தம் மட்டும் வரணும், நான் கேட்கிற பாட்டு வரக்கூடாது. முடியுமா?

முடியும். 28-ஆம் பதிப்பு முதல் 'அப்ளிகேஷன் ஆடியோ கேப்சர்' என்ற சோர்ஸ் இருக்கிறது. அதில் கேமை மட்டும் தேர்ந்தெடுத்து, மிக்ஸரில் 'டெஸ்க்டாப் ஆடியோ'வை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் கேம் ஒலி இரண்டு முறை பதிவாகி எதிரொலி போலக் கேட்கும், பாட்டும் உள்ளே வரும், அதற்குப் பதிப்புரிமைப் புகாரும் வரலாம்.

இடி இடிச்சு கரண்டு போயிடுச்சு. ரெண்டு மணி நேர ரெக்கார்டிங் திறக்கவே மாட்டேங்குது.

வழக்கமான எம்பி4 கோப்பில் உள்ளடக்கத்தின் அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படுகிறது. நடுவில் மின்சாரம் போனால் அட்டவணை இல்லாத கோப்புதான் மிஞ்சும். அதை மீட்பது மிகவும் கடினம். மாலை மழையும் இடியும் வழக்கமாகிவிட்ட நம் பக்கத்தில் பதிவு வடிவத்தை எம்கேவி என்று வைத்திருப்பதே பாதுகாப்பு. மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது நிற்கும். பிறகு ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' மூலம் தரம் குறையாமல் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். 2024-இல் வந்த 30.2 பதிப்பிலிருந்து இதே பாதுகாப்போடு கூடிய 'ஹைப்ரிட் எம்பி4' வடிவமும் கிடைக்கிறது.

போன வாரம் வரைக்கும் சரியா இருந்துச்சு. இப்ப எதுவுமே வரலை. ஃபார்மட் பண்ணிடலாமா?

வேண்டாம். கடந்த வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் இடையில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. கேம் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம், கிராஃபிக்ஸ் டிரைவர் மாறியிருக்கலாம், காவல் நிரல் கடுமையாகியிருக்கலாம், அல்லது விண்டோஸின் கிராஃபிக்ஸ் பட்டியலில் நீங்கள் வைத்த தேர்வு பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். முதலில் 'சீன் கலெக்ஷன்' மெனுவில் புதிதாக ஒன்றைத் தொடங்கி, அதில் ஒரே ஒரு கேம் கேப்சரை மட்டும் சேர்த்துப் பாருங்கள். அதில் படம் வந்தால் கோளாறு பழைய காட்சிகளுக்குள் இருக்கிறது, கணினியில் இல்லை.

அதிலும் வரவில்லை என்றால் கேமை ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஹெல்ப் மெனுவில் லாக் ஃபைல்ஸ் பகுதிக்குப் போய் 'வியூ கரண்ட் லாக்' என்பதைத் திறவுங்கள். லாக் என்பது ஓபிஎஸ் தான் செய்வதையெல்லாம் எழுதி வைக்கும் குறிப்பேடு. ஓபிஎஸ் எந்தச் சில்லில் ஓடுகிறது என்பது அதன் தொடக்கத்தில் இருக்கும். கீழே கேம் கேப்சர் என்று தொடங்கும் வரிகளில் 'அட்டெம்ப்டிங் டு ஹுக்' என்பதோடு உங்கள் கேமின் பெயர் இருந்து, பின்னர் 'ஷேர்டு டெக்ஸ்சர் கேப்சர் சக்சஸ்ஃபுல்' என்ற வரியும் வந்திருந்தால், நுழைவு வெற்றி பெற்றுவிட்டது. அப்போது காட்சி வரிசையைத்தான் சரிபார்க்க வேண்டும். முதல் வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்து இரண்டாவது வராமலே இருந்தால், வாசலில் ஏதோ தடுக்கிறது. நிர்வாகி உரிமை, ஓவர்லே, பாதுகாப்பு மென்பொருள், காவல் நிரல் என்ற வரிசையில் மேலே உள்ள பதில்களுக்குத் திரும்பிப் போங்கள். உங்கள் கேமின் பெயரே அந்த வரிகளில் இல்லை என்றால், ஓபிஎஸ் அதைத் தேடவே இல்லை. மோட் தேர்வு தவறாக இருக்கிறது.

கடைக்குக் கொண்டு வருபவர்கள் கணினியோடு சார்ஜரையும் கொண்டு வாருங்கள், ஏனென்றால் பல மடிக்கணினிகள் பேட்டரியில் ஓடும்போது வேகமான சில்லைக் கட்டுப்படுத்திவிடுகின்றன. சிக்கல் வந்த அன்றைய லாக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். எந்த கேம், எந்த சோர்ஸ், கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வந்தால், பெரும்பாலும் நீங்கள் காத்திருக்கும்போதே பார்த்துக் கொடுத்துவிட முடியும்.